கை ஓய்ந்த 21 செக்கன்



கடந்த இதழில் நீரிழிவு உள்ளவர்கள் பாதங்களைக் கவனிக்க வேண்டிய முறை பற்றி எழுதியிருந்தேன். அதன் தொடர்ச்சியை இம்மாதம் எழுதுவதாகவே இருந்தேன். ஆனால் வன்னியிலிருந்து ஒரு சகோதரியின் கடிதம் வந்திருக்கிறது. அதை வாசித்த பின்னர் வேறொன்றை எழுத மனம் வரவில்லை. அவருடைய சம்மதத்துடன், பெயரையும் ஊரையும் நீக்கிவிட்டு, கடிதத்தின் முக்கிய பகுதியை இங்கே தருகிறேன்.

"அக்கா, போன வருசம் ஆவணியில இவர் வளவுக்குள்ள வேலி அடைச்சுக்கொண்டு நிண்டவர், அலவாங்கோட அப்பிடியே சரிஞ்சு விழுந்திட்டார். கூப்பிட்டன், அசைவில்லை. மூச்சும் சரியா இல்லை. எங்கட பொதுநோக்கு மண்டபத்தில முந்தி ஒருக்கா முதலுதவி வகுப்பு வைச்சவை. அதில படிச்சது நினைவு வந்து நெஞ்சை அழுத்தத் தொடங்கினன். மகன் 1990க்கு அடிச்சவன். அதுக்குள்ள சனம் கூடீற்றுது. விடு பிள்ளை, லாண்ட்மாஸ்டர் வருது, ஏத்துவம் எண்டு என்னைப் பிடிச்சுத் தூக்கீற்றினம். லாண்ட்மாஸ்டரைத் திருப்பி, பெட்டியில கிடந்த மூட்டையளை இறக்கி, பாய் விரிச்சு, இவரை ஏத்தி முடிய எவ்வளவு நேரம் போச்சுதோ தெரியாது. அவ்வளவு நேரமும் ஒருத்தரும் நெஞ்சில கை வைக்கேல்லை. சந்தியில அம்புலன்ஸ் வந்து மாத்தி ஏத்தினவை. அவை திரும்ப அழுத்தினவை. ஆசுப்பத்திரியில போய் முடிஞ்சுது எண்டு சொல்லிப்போட்டினம்.

இப்ப ஆண்டுத் திவசம் வருகுது. கனடாவில இருக்கிற இவற்ற தம்பி, தானாக நெஞ்சை அழுத்திற மெசின் ஒண்டை அங்க அம்புலன்சில கண்டவராம். ஊர் ஒன்றியத்தோட சேர்ந்து காசு சேர்த்து, இவற்ற பேரில அப்பிடி ஒண்டை வாங்கி எங்கட ஆசுப்பத்திரிக்குக் குடுப்பம் எண்டு சொல்லுறார். அக்கா, எனக்கு ரெண்டு கேள்வி. அந்த மெசின் அண்டைக்கு இருந்திருந்தா இவர் பிழைச்சிருப்பாரோ? நான் கையை எடுத்ததாலதான் இவர் போனாரோ? 2009இல அவ்வளவு செல்லடிக்குள்ளாலயும் கூட்டிக்கொண்டு வந்த மனுசனை வீட்டு முற்றத்தில விட்டிட்டன் எண்டு மனம் கிடந்து அடிக்குது."

சகோதரி, உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொல்வேன். ஆனால் அதற்கு முன்னர் சில விடயங்களை விளங்கிக்கொள்ள வேண்டும். இது உங்களுக்கு மட்டுமல்ல, இப்பக்கத்தை வாசிக்கும் எல்லோருக்கும் பயன்படும்.

நெஞ்சை ஏன் அழுத்துகிறோம்?

இருதயம் திடீரென நின்றுவிட்டால் இரத்தம் ஓடுவது நின்றுவிடும். மூளைக்கும் இருதயத்துக்கும் ஒட்சிசன் போகாது. சில நிமிடங்களுக்குள்ளேயே மூளை பாதிப்படையத் தொடங்கிவிடும். நெஞ்சின் நடுவில் பலமாக அழுத்தும்போது உள்ளே இருக்கும் இரத்தம் வெளியே தள்ளப்படுகிறது. கையை எடுத்து நெஞ்சை மேலெழ விடும்போது இருதயத்துக்குள் மீண்டும் இரத்தம் நிரம்புகிறது. நன்றாகச் செய்தாலும், வழக்கமாக ஓடும் இரத்தத்தில் காற்பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரைதான் இப்படி ஓடும். அது சிறிது என்றாலும், உயிரைப் பிடித்து வைத்திருப்பது அந்தச் சிறிதுதான்.

நலன்புரி முகாமில் இருந்தவர்களுக்குக் குழாய்க் கிணற்றுக் கைப்பம்பி நல்ல பழக்கம். வரிசையில் நின்று, நமது முறை வந்து, கைபிடியை அடித்தவுடன் தண்ணீர் வந்துவிடுமா? சில பம்பிகளில் பத்துத் தடவை வெறும் காற்றுத்தான் வரும். அதன் பின்னரே தண்ணீர் ஏறும். இடையில் கையை விட்டுவிட்டு யாருடனாவது கதைத்தால் ஏறிய தண்ணீர் இறங்கிவிடும். மறுபடியும் முதலில் இருந்து அடிக்க வேண்டும்.

நெஞ்சழுத்தமும் அப்படியே. முதல் அழுத்தத்திலேயே இருதயத் தசைக்குப் போதிய இரத்தம் போய்விடுவதில்லை. தொடர்ந்து அழுத்த அழுத்த, இருதயத்துக்கு இரத்தம் கொடுக்கும் நாடிகளில் அமுக்கம் சிறிது சிறிதாக ஏறுகிறது. கையை எடுத்தால் சில செக்கன்களுக்குள் அது இறங்கிவிடும். மீண்டும் தொடங்கும்போது விட்ட இடத்திலிருந்து தொடங்க முடியாது. அதனால்தான் எந்தக் காரணத்துக்காகவும் இடைவெளி 10 செக்கனைத் தாண்டக்கூடாது என்று பயிற்சிகளில் சொல்லித் தருகிறார்கள்.

"கை எங்க?"

நான் தாதியாக வேலை பார்த்த காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளில், மின்சாரம் இல்லாத காலம். எந்த வைத்தியசாலை என்பது வேண்டாம். நெஞ்சுநோவுடன் வந்த ஒருவர் எங்கள் கண்முன்னே கட்டிலில் சாய்ந்தார். நான்தான் அழுத்தினேன். ஜெனரேற்றரைப் போட்டவுடன், இருதயத் துடிப்பைக் காட்டும் கருவியைக் கொழுவச் சொன்னார்கள். நான் கையை எடுத்துவிட்டு வயர்களைச் சிக்கெடுக்கப் போனேன். வியர்வையில் அவை ஒட்டவில்லை. துடைத்தேன், மறுபடி ஒட்டினேன். எல்லோரும் கருவியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். அப்போது பின்னாலிருந்து பெரிய மிஸ்ஸியின் குரல் வந்தது: "பிள்ளை, வயர் பிறகு. கை எங்க?"

அவர் பிழைக்கவில்லை. நான் வயரைத் தொடாமல் அழுத்திக்கொண்டே இருந்திருந்தாலும் பிழைத்திருப்பார் என்று எவராலும் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கேள்வி இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. ஒரு நல்ல கருவி அறைக்குள் வந்தவுடன் கண்கள் எல்லாம் அதன் பக்கம் போய்விடுகின்றன. நோயாளியின் நெஞ்சில் கை இல்லை என்பதை எவரும் கவனிப்பதில்லை. இது என் ஒருத்தியின் தவறு மட்டுமல்ல, உலகம் முழுவதும் நடப்பது என்பதைப் பின்னாளில்தான் அறிந்துகொண்டேன்.

கையிலிருந்து இயந்திரத்துக்கு

1960ஆம் ஆண்டு அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையைச் சேர்ந்த கூவென்ஹோவன், ஜூட், நிக்கர்பொக்கர் என்னும் மூவர், நெஞ்சைத் திறக்காமலே வெளியிலிருந்து அழுத்தி நின்ற இருதயத்தை மீட்கலாம் என்று எழுதினார்கள். அதற்கு முன்னர் நெஞ்சைக் கீறி இருதயத்தைக் கையால் பிசைவார்கள். இனி இதற்கு வேண்டியது இரண்டு கைகள் மட்டுமே என்பதுதான் அந்த மூவரும் உலகத்துக்குச் சொன்ன செய்தி.

ஆனால் கை களைத்துப்போகும். ஓரிரு நிமிடத்திலேயே அழுத்தத்தின் ஆழம் குறையத் தொடங்கிவிடும். பல வேளைகளில் அழுத்துபவருக்கே அது தெரியாது. ஓடும் அம்புலன்சுக்குள் நின்று அழுத்துவது இன்னும் கடினம். வளைவில் திரும்பினால் அழுத்துபவரே விழுந்து அடிபடக்கூடும். இதற்காகத்தான் இயந்திரங்கள் வந்தன. சுவீடன் நாட்டின் லுண்ட் நகரில் உருவான லூக்காஸ் என்பது அவற்றில் ஒன்று. முதுகுக்குக் கீழே ஒரு தட்டு, நெஞ்சுக்கு மேலே வளைவான ஒரு பகுதி, அதன் நடுவில் உறிஞ்சு கிண்ணம் பொருத்திய தண்டு. மின்கலத்தில் இயங்கி, நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 தடவை, 5 சென்ரிமீற்றருக்குச் சற்று மேலாக அழுத்தும். களைக்காது. கனடாவில் உங்கள் மைத்துனர் கண்டது இதையோ இதுபோன்ற ஒன்றையோ ஆக இருக்கலாம்.

களைக்காத இயந்திரம் என்றால் கூடுதலான உயிர்களைக் காப்பாற்றியிருக்க வேண்டும் அல்லவா? அப்படித்தான் எல்லோரும் நினைத்தார்கள். சோதித்தும் பார்த்தார்கள். சுவீடன், நெதர்லாந்து, ஐக்கிய இராச்சியம் ஆகிய நாடுகளில் 2,589 நோயாளிகளைக் கொண்டு நடத்திய ஆய்வு 2014இல் வெளிவந்தது. நான்கு மணி நேரத்தின் பின்னர் உயிருடன் இருந்தவர்கள் இயந்திரப் பிரிவில் 100க்கு 23.6, கைப் பிரிவில் 100க்கு 23.7. ஐக்கிய இராச்சியத்தில் 4,471 நோயாளிகளைக் கொண்டு நடத்திய இன்னொரு ஆய்வு 2015இல் வெளிவந்தது. அதில் 30 நாட்களின் பின்னர் உயிருடன் இருந்தவர்கள் இயந்திரம் கொண்டுசென்ற வாகனங்களின் பிரிவில் 100க்கு 6 பேர், கையால் அழுத்திய பிரிவில் 100க்கு 7 பேர்.

இந்தக் கணக்கைச் சற்று நிதானமாகப் பாருங்கள். இயந்திரம் கையை வெல்லவில்லை. அது மட்டுமல்ல. வசதியுள்ள நாட்டில், பயிற்சி பெற்ற அம்புலன்ஸ் ஊழியர்கள் செய்தும், வீட்டிலும் வீதியிலும் இருதயம் நின்ற 100 பேரில் 90க்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள்.

அங்கரேஜ் நகரில் எண்ணிப் பார்த்த செக்கன்கள்

களைக்காத இயந்திரம் ஏன் கையை வெல்லவில்லை? காரணங்கள் பல இருக்கலாம். அவற்றில் ஒன்றை அலாஸ்கா மாநிலத்தின் அங்கரேஜ் நகரத்துத் தீயணைப்புப் பிரிவினர் தங்கள் வேலையிலேயே கண்டுபிடித்தார்கள். அங்கு அம்புலன்ஸ் சேவையையும் தீயணைப்புப் பிரிவே பார்க்கிறது. கருவிகளில் பதிவாகியிருந்த செக்கன்களை அவர்கள் எடுத்துப் பார்த்தார்கள். 2012ஆம் ஆண்டில், கையை எடுத்ததற்கும் இயந்திரம் தன் முதல் அழுத்தத்தைக் கொடுத்ததற்கும் இடையில் போன நேரம், நடுத்தரமாக, 21 செக்கன்.

21 செக்கன் என்பது சொல்லும்போது சிறிது. நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டிய இடத்தில், அது 35 முதல் 42 அழுத்தங்கள். உயிரைக் காக்கவென்று ஓடிவந்த கைகள், உயிரைக் காக்கவென்று வாங்கிய இயந்திரத்தைப் பூட்டுவதற்காக அத்தனை அழுத்தங்களையும் விட்டுவிட்டன. பூட்டுபவர்கள் கவனமில்லாதவர்கள் அல்ல. ஆளைத் தூக்க வேண்டும், தட்டைச் செருக வேண்டும், மேற்பகுதியைக் கொழுவ வேண்டும், தண்டைச் சரியான இடத்தில் இறக்க வேண்டும். இத்தனையையும் ஒரே மூச்சில் செய்யப் போனால் நேரம் போகத்தான் செய்யும்.

அவர்கள் இயந்திரத்தைத் தூக்கி எறியவில்லை. புதிய இயந்திரம் வாங்கவும் இல்லை. பூட்டும் முறையைத் திருத்தி, திரும்பத் திரும்பப் பழகினார்கள். 2013இல் அந்த 21 செக்கன் 7 செக்கனாகக் குறைந்தது. நெஞ்சில் அழுத்தம் நடந்துகொண்டிருந்த நேரம் 100க்கு 90 பங்கிலிருந்து 95 பங்காக உயர்ந்தது.

இன்று பல இடங்களிலும் கற்பிக்கப்படும் முறை இதுதான். வேலையை இரண்டாகப் பிரித்துவிடுவார்கள். முதலில், துடிப்பைப் பார்ப்பதற்கென்று எப்படியும் கை எடுக்கும் சில செக்கன்களுக்குள் தோளைச் சற்று உயர்த்தி முதுகுத் தட்டை மட்டும் செருகுவார்கள். உடனே கை மறுபடியும் நெஞ்சுக்கு வந்துவிடும். ஒருவர் அழுத்திக்கொண்டிருக்கையில் மற்றவர் மேற்பகுதியை ஆயத்தமாக வைத்திருப்பார். எல்லாம் சரி என்று வாயால் சொன்ன பின்னர்தான் அழுத்தும் கை எடுபடும். எடுபட்ட கணத்திலேயே இயந்திரம் தொடங்கும். பழைய கை போவதற்கு முன்னர் புதிய கை ஆயத்தமாக நிற்க வேண்டும். இதற்கு மேல் அதில் இரகசியம் எதுவும் இல்லை.

2015இலும் 2020இலும் வெளியான சர்வதேச உயிர்மீட்பு வழிகாட்டல்களும், இந்த இயந்திரங்களை எல்லா நோயாளிகளுக்கும் வழமையாகப் பயன்படுத்துமாறு சொல்லவில்லை. ஓடும் வாகனம், நீண்ட தூரப் பயணம், இருதய நாடிச் சிகிச்சை அறை போன்று கையால் ஒழுங்காக அழுத்த முடியாத இடங்களுக்கு அவை பொருத்தமானவை என்றே சொல்கின்றன.

எங்கள் முற்றத்தில் என்ன செய்யலாம்?

எங்கள் முற்றங்களில் இயந்திரம் இல்லை. ஆனால் 21 செக்கன் எங்களிடமும் இருக்கிறது. லாண்ட்மாஸ்டரைத் திருப்பும் நேரம், மூட்டை இறக்கும் நேரம், மூச்சு இருக்கிறதா என்று ஐந்து பேர் மாறி மாறி மூக்கில் கை வைக்கும் நேரம், சோடா உடைத்து முகத்தில் தெளிக்கும் நேரம், இவையெல்லாம் கை ஓய்ந்த நேரங்களே. ஆகவே பின்வருவனவற்றை வீட்டில் உள்ளவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

ஒருவர் விழுந்து, தட்டிக் கூப்பிட்டும் அசையவில்லை, மூச்சும் வழமைபோல் இல்லை என்றால் இருதயம் நின்றுவிட்டதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். இடைக்கிடை குறட்டை போல இழுத்து வரும் மூச்சு உண்மையான மூச்சு அல்ல. அதைக் கண்டு ஏமாந்துவிட வேண்டாம்.

உடனே ஒருவர் 1990ஐ அழைக்க வேண்டும். இந்த இலவச அம்புலன்ஸ் சேவை 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, 2018இல் வடக்குக்கும் வந்தது. தனியாக இருந்தால் தொலைபேசியின் ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டு, கதைத்துக்கொண்டே அழுத்துங்கள்.

ஆளைக் கட்டிலில் கிடத்த வேண்டாம். மெத்தை அமிழ்ந்து போகும். நிலமே நல்லது. நெஞ்சின் நடுவே, நெஞ்செலும்பின் கீழ்ப் பாதியில், ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, அதன்மேல் மறு கையை வைத்து, முழங்கையை மடிக்காமல் 5 முதல் 6 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு அழுத்துங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. ஒவ்வொரு தடவையும் நெஞ்சு முழுதாக மேலெழ விடுங்கள். மூச்சுக் கொடுக்கப் பழகியவர்கள் 30 அழுத்தத்துக்கு 2 மூச்சுக் கொடுக்கலாம். பழகாதவர்கள் விடாமல் அழுத்தினாலே போதும். தண்ணீரில் மூழ்கியவர்களுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் மூச்சு மிக முக்கியம். அவர்களுக்குச் செய்யும் முறையை வகுப்பில் நேரே பழகிக்கொள்ளுங்கள்.

இனி, இந்தக் கட்டுரையின் மையத்துக்கு வருகிறேன். இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை ஆள் மாறுங்கள். மாறப் போகிறவர் முன்கூட்டியே மறுபக்கத்தில் முழங்காலில் இருந்து கையை ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும். எண்ணுபவர் "மூன்று, இரண்டு, ஒன்று, மாறு" என்று சொல்ல, ஒரு கை எழும்ப மறு கை இறங்க வேண்டும். இரண்டு, மூன்று செக்கனுக்கு மேல் இதற்கு வேண்டாம்.

போரில் கையை இழந்த சகோதரிகள், தோளில் செல் துண்டுடன் இருப்பவர்கள், இதை வாசித்துவிட்டு எம்மால் முடியாதே என்று மனம் சோர வேண்டாம். எண்ணுபவர் இல்லாவிட்டால் மாற்றம் ஒழுங்காக நடக்காது. சத்தமாக எண்ணுவதும், அடுத்தவரை ஆயத்தப்படுத்துவதும், கூட்டத்தை விலக்குவதும், "கையை எடுக்க வேண்டாம்" என்று அதட்டுவதும் உயிர் காக்கும் வேலைகள்தாம். அன்றைக்கு எனக்குப் பெரிய மிஸ்ஸி செய்ததும் அதுவே.

அம்புலன்ஸ் வருகிறது என்றால், ஆளைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். அதே நிலத்தில் வைத்து அழுத்திக்கொண்டே இருங்கள். ஒருவர் சந்திக்குப் போய் நின்று வழிகாட்டட்டும். அம்புலன்ஸ் வர முடியாத இடம் என்றால் ஏற்றிக்கொண்டு போகத்தான் வேண்டும். அப்போதும் வாகனத்தைத் திருப்பி, மூட்டை இறக்கி, பாய் விரித்து முடியும் வரையில் நெஞ்சில் கை இருக்கட்டும். எல்லாம் ஆயத்தம் என்று ஒருவர் சொன்ன பின்னரே தூக்குங்கள். ஏற்றி வைத்த உடனேயே மறுபடியும் தொடங்குங்கள். அம்புலன்ஸ் ஊழியர் வந்தாலும், அவர் உங்கள் பக்கத்தில் இருந்து "நான் எடுக்கிறேன்" என்று சொல்லும் வரையில் கையை எடுக்க வேண்டாம்.

பழகும்போது சுகமாக இருக்கும் ஒருவரின் நெஞ்சில் அழுத்திப் பார்க்கக்கூடாது. இறுக்கமான தலையணையோ சுருட்டிய பாயோ போதும்.

சகோதரிக்கு என் பதில்

முதலாவது கேள்வி. அந்த இயந்திரம் இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பாரா? இயந்திரம் இல்லாததால் அவர் போனார் என்று சொல்வதற்கு எந்த ஆதாரமும் இல்லை. ஆயிரக்கணக்கானவர்களில் சோதித்தும், அது கையைவிடக் கூடுதலாகக் காப்பாற்றவில்லை. ஆகவே "வெளிநாட்டில் இருந்திருந்தால்" என்ற நினைப்பை மனதிலிருந்து இறக்கி வையுங்கள். அங்கும் பெரும்பாலானவர்கள் பிழைப்பதில்லை.

இரண்டாவது கேள்வி. நீங்கள் கையை எடுத்ததாலா? அந்த இடைவெளியால் எதுவும் ஆகியிருக்காது என்று உங்களுக்குப் பொய் சொல்ல மாட்டேன். அழுத்தம் நின்ற நேரம் நல்ல நேரம் அல்ல. ஆனால் கையை நீங்கள் எடுக்கவில்லை. உங்களைப் பிடித்து எழுப்பினார்கள். எழுப்பியவர்களும் அவரைக் காப்பாற்றவே ஓடிவந்தவர்கள். செல்லடிக்குள் காயப்பட்டவரைத் தூக்கிக்கொண்டு ஓடுவதுதான் எங்கள் சனத்துக்குப் பழக்கம். இரத்தம் போகும் காயத்துக்கு, ஒருவர் காயத்தை இறுக்கிப் பிடித்திருக்க, மற்றவர்கள் வைத்தியரிடம் ஓடியது சரி. அந்தப் பழக்கத்தில்தான் அன்றும் தூக்கினார்கள். நின்றுபோன இருதயத்துக்கு ஓட்டத்தைவிடக் கைதான் முதலில் தேவை என்பதை எவரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. பயிற்சி பெற்ற அங்கரேஜ் ஊழியர்களே எண்ணிப் பார்க்கும் வரையில் அதைக் கவனிக்கவில்லை. நானும், தாதியாக இருந்தும், கவனிக்கவில்லை.

அந்த முற்றத்தில், அத்தனை பேருக்குள், செய்ய வேண்டியதைத் தொடங்கியவர் நீங்கள் ஒருவர்தான். விழுந்தவருக்கு முதல் நிமிடத்தில் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த உதவி உங்கள் கையால் கிடைத்தது. அவரை விட்டுவிட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் விடவில்லை.

இனி, மைத்துனர் சேர்க்கும் காசு பற்றி. அவருடைய மனது நல்ல மனது. அதை மறுத்துவிட வேண்டாம். ஆனால் அந்த இயந்திரத்துக்குப் பல இலட்சம் ரூபாய் வேண்டும். மின்கலம் வேண்டும், மாற்றுக் கிண்ணங்கள் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக அதைப் பூட்டத் தொடர்ந்து பழகும் ஆட்கள் வேண்டும். பழக்கம் இல்லாத இடத்தில் அது மறுபடியும் 21 செக்கனைத்தான் கொண்டுவரும். ஆகவே முதலில் உங்கள் வைத்தியசாலையின் பொறுப்பு வைத்தியரிடம் போய், அங்கு உண்மையில் எது தேவை என்று கேளுங்கள். நீண்ட தூரம் நோயாளிகளை அனுப்ப வேண்டியிருக்கிறது, பழக ஆட்களும் இருக்கிறார்கள், இயந்திரம்தான் தேவை என்று அவர் சொன்னால் வாங்கிக் கொடுங்கள்.

அவர் அப்படிச் சொல்லாவிட்டால், அந்தக் காசில் சிறு பங்கை எடுத்து நெஞ்சழுத்தம் பழகும் பொம்மைகள் சிலவற்றை வாங்குங்கள். ஒரு இயந்திரத்தின் விலைக்குப் பல பொம்மைகள் வாங்கலாம். உங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் பொறுப்பில் அவற்றை வைத்து, பயிற்றுநர் ஒருவரை அழைத்து, பொதுநோக்கு மண்டபத்தில் குறிப்பிட்ட மாதங்களுக்கு ஒரு தடவை எல்லோரும் பழகுங்கள். லாண்ட்மாஸ்டர்காரரையும் கூப்பிடுங்கள். அன்று உங்களைப் பிடித்துத் தூக்கியவர்களையும் கூப்பிடுங்கள். அழுத்துவதை மட்டும் பழகாமல், ஆள் மாறுவதையும் பழகுங்கள். எண்ணுபவர் ஒருவரை வைத்து, கை எத்தனை செக்கன் ஓய்ந்தது என்று கணக்கெடுங்கள். முதல் நாள் 21ஆக இருந்தாலும் வெட்கப்பட வேண்டாம். அடுத்த நாள் 7ஆகக் குறைக்கலாம்.

திவசத்தன்று பத்துப் பேருக்குச் சாப்பாடு கொடுப்பதுபோல், பத்துப் பேருக்கு இதையும் பழக்கிவிடுங்கள். அடுத்த தடவை உங்கள் ஊரில் ஒருவர் விழும்போது, "விடு பிள்ளை" என்று சொல்ல வந்தவர் முழங்காலில் இருந்து "நீ களைச்சுப்போனாய், நான் மாறுறன்" என்று சொல்லக்கூடும்.

பழகியபின் எனக்கு எழுதுங்கள் சகோதரி. உங்கள் செக்கன் கணக்கை இப்பக்கத்தில் போடுவேன். மற்றைய சகோதரிகளும் உங்கள் ஊர் அனுபவங்களை எழுதி அனுப்புங்கள். பாதப் பராமரிப்பின் தொடர்ச்சியை அடுத்த இதழில் பார்ப்போம்.

அன்புடன்,
உங்கள் அக்கா